இழைப்பதற்கு முன்னும் பின்னும்

பனையோலைப் பெட்டி செய்வதில் இழைப்பு பாதி வேலைதான். மற்றப் பாதி மரத்தடியில் தொடங்கி முற்றம், அடுப்படி, பரண், பேருந்து, கணக்குக் கொப்பி என்று போய், கடைக்காரர் காசு கொடுக்கும் நாளில்தான் முடிகிறது. கண்காட்சி மேசையிலோ திருகோணமலை உப்புவெளி விடுதி ஒன்றின் வரவேற்பறையிலோ பெட்டியைக் கையில் எடுப்பவர் இழையைப் பார்க்கிறார், நிறத்தைப் பார்க்கிறார், விலையைக் கேட்கிறார். இழைக்கு முன்னும் பின்னும் நடந்ததை அவர் பார்ப்பதில்லை. பார்க்காத வேலைக்கு அவர் காசு கொடுப்பதுமில்லை. பன்னவேலை எனப்படும் இந்த ஓலைவேலையால் பிழைப்பவர்கள் வறுமையிலேயே நிற்பதற்கு முதற்காரணம் இதுதான்.

முதல் வேலை ஓலை தேடுவது. சீனன்குடாவில் அதுவே சிக்கல். சீனன்குடா திருகோணமலை உட்துறைமுகத்தின் மேற்குப் பக்கத்தில் இருக்கிறது. வான்படைத் தளமும் ஓடுபாதையும், பிரித்தானியர் காலத்தில் காட்டுக்குள் கட்டப்பட்ட 99 எண்ணெய்க்குதங்களும், கோதுமை மா ஆலையும், ரயில் நிலையமும் இப்பகுதியின் நிலத்தில் பெரும்பங்கை எடுத்துக்கொண்டவை. குடியிருப்புகள் இவற்றுக்கு இடையிலும் ஓரத்திலும் அமைந்தவை. வளவில் ஒன்றிரண்டு பனை நிற்கலாம். தொழிலுக்குப் போதுமான ஓலை அதில் கிடைக்காது. ஓலை வடக்கே நிலாவெளி, கும்புறுப்பிட்டி, குச்சவெளிக் கரையிலிருந்தோ, தெற்கே மூதூர் கிழக்கிலிருந்தோ வரவேண்டும். 2009இல் கிண்ணியாப் பாலம் திறக்கப்படும் வரை மூதூர்ப் பக்கம் தரைவழியே போவதென்றால் ஒன்றன்பின் ஒன்றாகப் பாதை எனப்படும் மிதவைகளில் ஏறிக் கடக்க வேண்டும். இல்லாவிட்டால் திருகோணமலை இறங்குதுறையிலிருந்து லோஞ்ச். ஓலைக்கட்டோடு அந்தப் பயணம் செய்வது ஒரு முழுநாள் வேலை. இன்று பேருந்தில் போய் வரலாம். ஆனாலும் ஆள் உயரக் கட்டை நடத்துனர் மனமுவந்து ஏற்றுவதில்லை. இரண்டு மூன்று பேர் சேர்ந்து ஓட்டோ பிடித்தால்தான் கட்டுப்படியாகும்.

ஓலை எல்லாம் ஒன்றல்ல. இன்னும் விரியாமல் மடிந்து நிற்கும் குருத்தோலை, மென்மையான பெட்டிக்கும் நிறவேலைக்கும் உரியது. அதற்கு அடுத்ததாகப் பாதி விரிந்திருக்கும் சார்வு சற்றுத் தடிப்பானது. கடகம், பாய், உமல் ஆகியவற்றுக்கு அது போதும். முற்றிக் காய்ந்த காவோலை வேலிக்கும் அடுப்புக்கும் போகும். விளிம்பு கட்டுவதற்கான நார் மட்டையிலிருந்து உரிக்கப்படுகிறது. ஆகவே ஓலை வாங்கப் போகிறவர் குருத்தை மட்டும் வாங்கிக்கொண்டு வந்துவிட முடியாது. எந்த வேலைக்கு எவ்வளவு சார்வு, எத்தனை மட்டை என்று முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும்.

ஒரு பனை மாதத்துக்கு ஏறத்தாழ ஓர் ஓலைதான் விடும். குருத்தை எடுப்பது மரத்தின் அடுத்த ஓலையை எடுப்பதாகும். ஒரே வடலியில், அதாவது இளம் பனையில், அடுத்தடுத்துக் குருத்தை வெட்டினால் அது வளர்ச்சி குன்றித் தேய்ந்துவிடும். நல்ல ஓலை வெட்டுகாரர் எந்த வடலியில் எப்போது கை வைத்தார் என்பதை மனதில் வைத்திருப்பார். அவசர ஓடரோடு வருகிறவரிடம், “பிள்ளை, இதில போன மாசம்தான் எடுத்தது. அங்கால நிக்கிறதைப் பார்ப்பம்” என்பார். அந்தச் சொல்லுக்குக் கட்டுப்படுவதும் தொழிலில் ஒரு பகுதி. காசு கூடக் கொடுத்து அவரை மீறி வெட்டவைப்பவர் இரண்டொரு ஆண்டில் அந்த வளவில் ஓலை இல்லாமல் நிற்பார். போர்க்காலத்தில் பனந்தோப்புகள் அழிந்ததும், 2006இல் மூதூர் கிழக்கில் சம்பூர்ப் பக்கத்து மக்கள் இடம்பெயர்ந்து ஆண்டுக்கணக்கில் ஊர் திரும்பாமல் இருந்ததும் ஓலை வரத்தைக் கடுமையாகப் பாதித்தன. பனை ஆறுதலாக வளரும் மரம். அழிந்ததை விரைவில் மீட்க முடியாது. முழு மரத்தைத் தறிப்பதற்கு அனுமதி எடுக்க வேண்டும் என்ற விதி இருப்பதும் இதனால்தான்.

கொண்டுவந்த குருத்தை அன்றே கட்டவிழ்த்து உலர்த்தத் தொடங்க வேண்டும். ஓரிரவு கட்டோடு கிடந்தால் உள்ளே புழுங்கி, நடுவில் மஞ்சள் தட்டிவிடும். அந்தக் கறை பிறகு எந்தச் சாயத்துக்கும் மறையாது. விசிறி போல மடிந்திருக்கும் குருத்தைக் கையால் பிரித்து, மணலில் படாமல் கயிற்றிலோ கிடுகின் மேலோ விரிக்கிறார்கள். காலை வெயிலில் ஒரு பக்கம், பிற்பகலில் மறுபக்கம். சிலர் இரவுப் பனியிலும் விட்டு எடுப்பார்கள். பனியில் நனைந்து வெயிலில் காய்ந்த ஓலை நன்றாக வெளுக்கும். துறைமுகக் கரையில் இதில் ஒரு சங்கடம் உண்டு. கடற்காற்றின் உப்பு ஓலையில் படிந்தால் அது காற்றின் ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். காய்ந்தது போலத் தெரிந்த ஓலை தொட்டால் பிசுபிசுக்கும். அதனால் கரைக்கு அண்மையில் இருப்பவர்கள் வீட்டின் கரைப்பக்கத்தை விட்டு, காற்று மறிக்கும் பின்முற்றத்தில்தான் விரிப்பார்கள். வெயில் நன்றாக இருந்தால் ஒரு வாரத்துக்குள் ஓலை தந்த நிறத்துக்கு வந்துவிடும். அந்த வாரம் முழுவதும் ஒருவர் வீட்டை விட்டு அகல முடியாது. மழை இருட்டினால் ஓடி எடுக்க வேண்டும், கோழியை விரட்ட வேண்டும், ஆட்டுக்குக் காவல் நிற்க வேண்டும். இந்த நேரத்தை யாரும் கணக்கில் எழுதுவதில்லை.

அடுத்தது ஈர்க்கு நீக்கல். ஒரு பனையோலையில் 60 முதல் 80 வரை இதழ்கள் இருக்கும். ஒவ்வொன்றின் நடுவிலும் ஓர் ஈர்க்கு. சத்தகம் என்ற சிறு கத்தியின் நுனியை ஈர்க்கின் ஓரத்தில் வைத்து இழுத்தால் இதழ் இரண்டாகப் பிரியும். ஈர்க்கு தனியே வரும். அது விளக்குமாற்றுக்கும் விளிம்புக்குள் வைக்கவும் பயன்படும். பிரிந்த இதழ்களை நீளப்படி தரம் பிரிக்க வேண்டும். ஓலையின் நடுவிதழ்கள் நீளமானவை, இரு ஓரத்து இதழ்களும் குட்டையானவை. நீளமானவற்றைப் பெரிய பெட்டிக்கு ஒதுக்கி, குட்டையானவற்றைக் கொட்டைப்பெட்டிக்கும் கிலுகிலுப்பைக்கும் வைத்துக்கொள்ளும் வீட்டில் வீணாவது குறைவு. தரம் பிரிக்காமல் கைக்கு வந்ததை எடுத்து இழைப்பவருக்கு, பெட்டியின் பாதியில் இழை முடிந்து ஒட்டுப் போட நேரும். ஒட்டு விழுந்த இடம் எப்போதும் தடித்துத் தெரியும்.

வாருதல்தான் கையின் நிதானத்தை முழுதாகக் கேட்பது. ஓலையை ஒரே அகலமான நாடாக்களாகக் கிழிப்பதற்கு அளவோலை ஒன்று வைத்திருப்பார்கள். பழகிய கை அதைப் பார்ப்பதேயில்லை. பெருவிரல் நகத்துக்கும் கத்திமுனைக்கும் இடையிலுள்ள இடைவெளியே அளவு. ஓலை நகர்கிறது, கத்தி நிற்கிறது. கத்தியை நகர்த்தினால் நாடா நுனியில் ஒடுங்கிவிடும். மரக்கட்டையில் இரண்டு சவர அலகுகளை அளவாக இறுக்கி, அதற்குள் ஓலையை இழுப்பவர்களும் உண்டு. ஓடர் பெரிதானால் அது நல்ல வழிதான். ஆனால் ஓலையின் நரம்பு சற்றே சாய்ந்திருந்தால் கட்டை அதை அறியாது, கை அறியும். ஒரு நாடா நூலளவு அகலம் கூடினாலும் அது பெட்டியின் பக்கத்தில் அலை போல எழும்பி நிற்கும். பெட்டி கோணியிருப்பதற்கு இழைத்தவரைக் குறை சொல்வார்கள். பெரும்பாலும் குற்றம் வார்ந்ததில்தான் இருக்கும்.

சாயம் அடுப்படி வேலை. சமையலுக்குப் பயன்படாத அலுமினியச் சட்டி ஒன்று இதற்கென்று தனியாக இருக்க வேண்டும். தண்ணீர் கொதித்த பின் சாயத்தூளைத் தனியே கரைத்து வடித்து ஊற்ற வேண்டும். நேரே தூவினால் கரையாத துகள் ஓலையில் புள்ளி புள்ளியாகப் பிடிக்கும். ஓலையை முன்பே தண்ணீரில் ஊறவைத்துக் கொண்டால் நிறம் ஒரே சீராக ஏறும். கொஞ்சம் வினாகிரி சேர்ப்பவர்கள் உண்டு, உப்புச் சேர்ப்பவர்கள் உண்டு. எடுத்த ஓலையை நிறம் விடாமல் போகும் வரை அலசி, நிழலில் உலர்த்த வேண்டும். சந்தையில் எளிதில் கிடைக்கும் சாயங்களில் பல, பளிச்சென்று பிடிக்குமே தவிர வெயிலைத் தாங்காதவை. ஊதாவும் பச்சையும் கடை யன்னலில் சில மாதம் இருந்தாலே மங்கிவிடும். விற்பவர் இதை வாங்குபவருக்குச் சொல்லிவிடுவதே நேர்மை. மஞ்சள் முதலிய இயற்கைச் சாயங்கள் வெளிநாட்டவருக்குப் பிடிக்கும். ஆனால் ஒரு முறை வந்த நிறம் மறுமுறை அப்படியே வராது. மாதிரி பார்த்து ஓடர் கொடுத்தவருக்கு அதை விளங்கவைப்பது சாயம் போடுவதைவிடக் கடினம். தூளைக் கையாளும்போது மூக்கையும் கையையும் மூடிக்கொள்வது அவசியம். உணவு வேகும் நீத்துப்பெட்டிக்கு ஒருபோதும் சாயம் போடக்கூடாது. இந்த விதிக்கு விலக்கே இல்லை.

பதப்படுத்திய ஓலையைக் காப்பது இன்னொரு தொழில் என்றே சொல்லலாம். திருகோணமலையில் ஐப்பசி முதல் தை வரை வாடைமழை. அந்த மாதங்களில் ஓலை கிடைப்பதும் அரிது, கிடைத்தது காய்வதும் அரிது. எனவே மாசி தொடங்கி ஆவணி வரை சேர்த்ததை வைத்தே மாரியை ஓட்ட வேண்டும். மழைக்காலத்தின் பெரும் எதிரி பூஞ்சணம். கறுப்புப் புள்ளி ஒன்று விழுந்த நாடாவைக் கட்டுக்குள் விட்டால் இரண்டு வாரத்தில் கட்டு முழுவதும் பரவிவிடும். காய்ந்த ஓலையை வெயிலில் சூடு ஏற்றி, சூடு ஆறிய பின்பே கட்ட வேண்டும். சூட்டோடு கட்டினால் உள்ளே வியர்க்கும். பொலித்தீனில் சுற்றுவது பாதுகாப்பு என்று நினைப்பது தவறு. ஈரம் வெளியேற வழியில்லாமல் அதுவே பூஞ்சணத்தை வளர்க்கும். கழுவி உலர்த்திய துணிச்சாக்கு நல்லது. அடுப்புக்கு மேலுள்ள பரணில் புகை படும் இடத்தில் வைப்பது பழைய வழக்கம். புகை பூச்சியையும் தடுக்கும், ஆனால் ஓலை சற்றுப் பழுப்பேறும். நிற ஓலைக்கு அது ஆகாது. பெருமளவில் ஏற்றுமதி செய்பவர்கள் மூடிய பெட்டிக்குள் கந்தகப் புகை கொடுத்து வெளுக்க வைக்கிறார்கள். குழந்தைகள் நடமாடும் வீட்டில் அதைச் செய்யக்கூடாது.

கோடையில் சிக்கல் நேர்மாறானது. கச்சான் காற்று வீசும் மாதங்களில் பத்து மணிக்கு மேல் ஓலை மொறுமொறுவென்று ஒடியும். அப்போது விடியற்காலையிலும் பொழுது சாய்ந்த பிறகும்தான் இழைக்க முடியும். பகலில் இழைக்க வேண்டியவர்கள் நாடாக்களை ஈரத்துணியில் சுற்றி வைத்து ஒவ்வொன்றாக உருவுவார்கள். இங்கேதான் புதியவர்கள் தவறுகிறார்கள். ஈரமாக இழைத்த பெட்டி அன்று பார்க்க இறுக்கமாக இருக்கும். மறுநாள் ஓலை காய்ந்து ஒடுங்க, இழைகளுக்கு இடையில் வெளிச்சம் தெரியும். அனுபவசாலி அடியும் பக்கமும் இழைத்துவிட்டு, விளிம்பைக் கட்டாமல் ஓரிரு நாள் விட்டுவைப்பார். ஓலை ஒடுங்கி முடிந்த பின், அடியின் நடுவிலிருந்து தொடங்கி ஒவ்வொரு நாடாவையும் நகநுனியால் தள்ளித் தள்ளி இறுக்கிக்கொண்டு மேலே வருவார். அப்படி இறுக்கும்போது பெட்டியின் உயரம் கண்ணுக்குத் தெரியக் குறையும். அந்தக் குறைவை எண்ணித்தான் முதலில் உயரம் விட்டிருக்க வேண்டும். மூடியும் பெட்டியும் ஒரே நாளில், ஒரே ஓலைக்கட்டிலிருந்து செய்யப்படுவதற்கும் காரணம் இதுவே. வெவ்வேறு நாளில் செய்தால் இரண்டும் வெவ்வேறு அளவுக்கு ஒடுங்கி, மூடி ஒன்றில் ஆடும், மற்றதில் ஏறாது.

விளிம்பு கட்டலில் வேகம் காட்ட முடியாது. நனைத்து மெதுவாக்கிய நாரை ஈர்க்குக் கற்றையின் மேல் சுற்றித் தைக்க வேண்டும். நார் விரலை அறுக்கும். இழை நுனிகளை உள்ளே செருகி, வெளியே நீட்டியதைக் கத்தரிக்க வேண்டும். தூசு தட்டி, மூலை நிமிர்த்தி, பெட்டிக்குள் பழைய கடதாசியைக் கசக்கி அடைத்து வடிவம் கெடாமல் வைக்க வேண்டும். ஒரு கடகத்தின் ஆயுள் அதன் விளிம்பின் ஆயுள்தான். அடி தேய்வதற்கு முன்னமே சரியாகக் கட்டாத விளிம்பு அவிழும்.

உடம்பு கொடுக்கும் விலையையும் சொல்ல வேண்டும். நிலத்தில் காலை நீட்டிக் குனிந்திருந்து செய்யும் வேலை இது. இடுப்பும் பிடரியும் முதலில் வலிக்கும், பிறகு கண். விரல்நுனித் தோல் வெடித்து, மிளகாய் அரைக்கும்போது எரியும். எண்ணெய் பூசிக்கொண்டு இழைக்கவும் முடியாது, ஓலையில் கறை பிடித்துவிடும். இரவில் பூசிக் காலையில் கழுவுவதுதான் வழி. முதுகுக்குச் சுவரும், மடிக்கு ஒரு பலகையும், மணிக்கொரு தடவை எழுந்து நடப்பதும் இருந்தால் இந்தத் தொழிலைப் பல ஆண்டு செய்யலாம்.

விலை நிர்ணயிக்கும் இடத்தில்தான் பெரும்பாலானோர் தோற்றுப் போகிறார்கள். வழக்கமான கணக்கு, ஓலைக்காசு, சாயக்காசு, இழைத்த நேரத்துக்கு ஏதோ கொஞ்சம் என்பதாக இருக்கும். எடுத்துக்காட்டாக, மூடி உள்ள சிறு பெட்டி 50 செய்வதாக வைத்துக்கொள்வோம். ஒன்றை இழைக்க ஒன்றரை மணி என்றால் இழைப்பு மட்டும் 75 மணி. இனி மற்றவற்றை எழுதுவோம்: ஓலை எடுத்துவர 8 மணி, ஒரு வாரம் நாளுக்கொரு மணி என்று உலர்த்திப் புரட்ட 7, ஈர்க்கு நீக்கி வார 20, தரம் பிரிக்க 5, சாயத்துக்கு 8, விளிம்புக்கும் மூடி சரிபார்க்கவும் 25, பொதிகட்டிக் கொண்டுபோய்ச் சேர்க்க 7. கூட்டினால் 80 மணி. இழைப்பைவிடக் கூட. ஆக, இழைத்த நேரத்துக்கு மட்டும் கூலி போட்டு விற்பவர் தன் உழைப்பில் பாதிக்கு மேல் இனாமாகக் கொடுக்கிறார். வீட்டில் ஆளாளுக்கு உதவி செய்வதால் இந்த 80 மணி கண்ணுக்குத் தெரிவதில்லை. மகள் ஓலை புரட்டுகிறாள், மாமியார் ஈர்க்கு எடுக்கிறார், புருஷன் சைக்கிளில் பொதி ஏற்றுகிறார். அவர்கள் நேரமும் நேரம்தான். ஒரு கொப்பியில் திகதி, வேலை, மணி என்று மூன்று கோடு கீறி ஓர் ஓடர் முழுவதும் எழுதிப் பார்த்தால் போதும். அதற்குப் பிறகு எவருக்கும் பழைய விலைக்கு விற்க மனம் வராது.

விற்பனைக்கு வழிகள் சில உண்டு. 1978இல் அமைக்கப்பட்ட பனை அபிவிருத்திச் சபை, கற்பகம் என்ற பெயரில் விற்பனை நிலையங்கள் நடத்துகிறது. அரச நிறுவனமான லக்சலவும் கைப்பணிப் பொருட்களை வாங்குகிறது. தேசிய அருங்கலைகள் பேரவையில் கைப்பணியாளராகப் பதிந்துகொண்டால் அடையாள அட்டை கிடைக்கும். கண்காட்சி, பயிற்சி, சில்ப அபிமானி விருதுப் போட்டி ஆகியவற்றுக்கு அது வாசல். பதிவுக்குப் படிவம், படம், கிராம அலுவலர் கையொப்பம் என்று அலைய வேண்டியிருக்கும். அலைச்சலுக்குப் பயந்து விட்டுவிடக்கூடாது. தனியார் கடைகள் பெரும்பாலும் விற்ற பிறகே காசு தரும், கழிவையும் பிடித்துக்கொள்ளும். கொடுத்த பொருளுக்கு எண்ணிக்கை எழுதிய சீட்டில் கையொப்பம் வாங்காமல் வருபவர், ஆறு மாதம் கழித்து எத்தனை கொடுத்தார் என்பதை நிறுவ வழியில்லாமல் நிற்பார். சுற்றுலாப் பயணிகள் நிலாவெளிக்கும் உப்புவெளிக்கும் வருவது சித்திரை முதல் புரட்டாதி வரை. அதே காலம்தான் ஓலை எடுத்து உலர்த்த வேண்டிய காலமும். ஓராளாகத் தொழில் செய்பவர் இரண்டையும் ஒருசேரச் சமாளிப்பது கடினம். மாரியில் இழைத்துக் கோடையில் விற்பது, கோடையில் ஓலை சேர்த்து மாரிக்கு வைப்பது என்ற சுழற்சியைப் பிடித்துக்கொண்டவர்களே நிலைத்திருக்கிறார்கள்.

கூட்டாகச் செய்தால் இந்தச் சுமை குறைகிறது என்பதற்குத் தமிழ்நாட்டில் நல்ல சான்றுகள் இருக்கின்றன. பழவேற்காட்டிலும் தூத்துக்குடி மாவட்டத்து மணப்பாட்டிலும் பெண்களின் கூட்டுறவுச் சங்கங்கள் ஓலை வேலையை நெடுங்காலமாக நடத்திவந்திருக்கின்றன. செட்டிநாட்டுக் கொட்டான், அருகிப்போகும் நிலையிலிருந்து மீட்கப்பட்டு, புவிசார் குறியீடும் பெற்றது. அங்கெல்லாம் பயன் தந்தது புதுவித இழை அல்ல. ஓலையை மொத்தமாக வாங்கியது, சாயத்தை ஒரே இடத்தில் ஒரே அளவில் போட்டது, அளவை நிலைப்படுத்தியது, விற்பனைக் கணக்கை ஒருவர் பொறுப்பில் விட்டது ஆகியவையே. திருகோணமலையில் பன்னவேலைப் பயிற்சி கொடுப்பவர்கள் பெரும்பாலும் இழைக்கத்தான் கற்பிக்கிறார்கள். மாணவி கைக்கு ஓலை வார்ந்து, நிறம் போட்டுத் தயாராக வருகிறது. பயிற்சி முடிந்து வீட்டுக்குப் போன பிறகு, ஓலை எங்கே எடுப்பது, மழையில் எப்படிக் காப்பது, என்ன விலை சொல்வது என்று தெரியாமல் பலர் சில மாதத்திலேயே விட்டுவிடுகிறார்கள். பயிற்சிக் காலத்தில் பாதியை இந்த வேலைகளுக்கு ஒதுக்க வேண்டும். வெட்டுகாரரோடு ஒரு நாள் பனங்கூடலுக்குப் போகாத எவருக்கும் சான்றிதழ் கொடுக்கக்கூடாது.

வாங்குபவர் பக்கமும் ஒரு சொல். இலங்கையில் 2017இல் பொலித்தீன் தடை வந்தபின் கலியாண வீடுகளில் தாம்பூலத்துக்கு ஓலைப்பெட்டி கேட்பது கூடியிருக்கிறது, மகிழ்ச்சியான மாற்றம். ஆனால் ஓடர் மூன்று வாரத்துக்கு முன்தான் வருகிறது. அதற்குள் ஓலை எடுத்து, காயவைத்து, இழைத்து முடிக்க முடியாது. ஆவணி முகூர்த்தத்துக்கு நூறு பெட்டி வேண்டுமானால் சித்திரையிலேயே சொல்லிவிடுங்கள். தை மாதத்துக்கு என்றால் வாடை தொடங்கும் முன், புரட்டாதிக்குள். விலையில் பாதியை முற்பணமாகக் கொடுங்கள், ஓலைக்காரருக்கு அன்றே காசு கொடுக்க வேண்டியிருக்கும்.